விலை கொடுத்தோம், பொருள் யாருடையது?

சென்ற திங்கள் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து கோவில் முற்றத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். மந்தைவெளியில் வசிக்கும் அம்மையார் ஒருவர் என்னை அணுகினார். எங்கள் பங்கில் பல்லாண்டுகளாகப் பழகிய குடும்பம். கணவரை இழந்தவர், ஒரே மகன். முகத்தில் கவலை தெரிந்தது.

"அண்ணே, என் மகனிடம் நீங்கள்தான் இரண்டு வார்த்தை பேச வேண்டும். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால், 'என் விளையாட்டை மூடிவிட்டார்கள்' என்கிறான். மைதானத்தை மூடுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். விளையாட்டை எப்படி அண்ணே மூடுவது?"

அன்று மாலையே சென்றேன். இளைஞர்க்கு அறிவுரை கூறுவதற்கென்றே நம் போன்றோர் கைவசம் சில வாக்கியங்களை எப்போதும் வைத்திருக்கிறோமன்றோ? நேரத்தின் அருமை, தாயின் உழைப்பு, கண்ணின் நலம் என்று வழிநெடுக மனத்துள் அடுக்கிக்கொண்டே படியேறினேன். அவற்றுள் ஒன்றையேனும் சொல்வதற்கு வாய்ப்புக் கிட்டவில்லை.

பையனுக்கு வயது 19. தரமணியில் தொழிற்கல்வி பயில்கிறான். மாலை வேளைகளில் அடையாறு காந்தி நகரில் இரு சிறுவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அதில் வரும் பணத்தில் தன் செலவுகளைத் தானே பார்த்துக்கொள்கிறான். ரிச்சி தெருவில் பிறர் பயன்படுத்திய விளையாட்டுப் பெட்டி ஒன்றைப் பேரம் பேசி வாங்கினான். பிறகு நான்கு மாதச் சேமிப்பைச் செலவிட்டு, ரூ. 3,499 விலையுள்ள வீடியோ விளையாட்டு ஒன்றை இணையம் வழியே வாங்கினான். ஓராண்டுகூட ஆகவில்லை. அதைத் தயாரித்த நிறுவனம், குறிப்பிட்ட நாளோடு அவ்விளையாட்டு நின்றுவிடும் என அறிவித்து, சொன்னபடியே நிறுத்தியும் விட்டது. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நம் பையனைப் போல் நூற்றுவருக்கு நூறு நிறுவனங்கள் இவ்வாறு செய்கின்றன.

"பிறரோடு சேர்ந்து ஆடுவது நின்றுபோனால் என்ன, தனியாக ஆடிக்கொள்ளலாமே, தம்பி?" என்றேன்.

"தனியாக ஆடுவதற்கும் அவர்கள் கணிப்பொறியின் அனுமதி வேண்டும், அங்கிள். அங்கே விளக்கை அணைத்தால் இங்கே ஒன்றும் திறக்காது" என்றவன், சற்று நேரம் பேசாதிருந்து பின் கேட்டான்: "உங்கள் வீட்டு மேசையை விற்ற கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போகும்போது, உங்கள் வீட்டுக்கு வந்து மேசையையும் தூக்கிக்கொண்டு போவாரா?"

நான் சேர்த்துவைத்திருந்த வாக்கியங்கள் அத்தோடு கலைந்தன.

இத்திங்கள் இப்பகுதியில் இதைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான். நம் இல்லங்களில் இன்று பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதேனும் ஒரு வகையில் இவ்விளையாட்டுக்களை ஆடுகின்றனர். அவர்கள் முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது, விழுந்தவுடன், "எப்போதும் விளையாட்டுப் பேச்சுத்தானா?" என்று அதட்டி முடித்துவிடுகிறோம். அந்த முணுமுணுப்பில் விளையாட்டைவிட வாணிபத்தைப் பற்றிய பேச்சே மிகுதி என்பதை நானும் இதுவரை கவனித்தேனில்லை. அளவையைக் குறைத்து விற்பதும், விற்ற பொருளைத் திரும்பப் பறிப்பதும் அநீதி என்று நாம்தாம் அவர்களுக்கு மறைக்கல்வி வகுப்பில் கற்பித்தோம். அவர்கள் அதைத் தமக்குத் தெரிந்த சந்தையில் பொருத்திப் பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பரணில் பல்லாங்குழிப் பலகை ஒன்று உள்ளது. அறுபது ஆண்டுகளுக்கு முன் என் தாயார் மயிலை மாட வீதியில் வாங்கியது. பதினான்கு குழிகளுள் ஒன்றின் விளிம்பு உடைந்திருக்கிறது. சோழிகள் பாதி தொலைந்து, புளியங்கொட்டை அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனினும் இன்றும் ஆடலாம். அண்டை வீட்டுக்கு இரவல் தரலாம். என் பேர்த்திக்கு விட்டுச்செல்லலாம். மனமிருந்தால் பழைய பொருள் வாங்குவோனுக்கு விற்றும் விடலாம். செய்தவன் யார், விற்றவன் யார், அவர்கள் இருக்கிறார்களா என்பதொன்றும் எனக்குத் தெரியாது; தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

வீடியோ விளையாட்டு நம் நகருக்கு வந்த காலத்திலும் இந்நிலையே இருந்தது. 1990-களில் தொலைக்காட்சியோடு இணைக்கும் பெட்டிகளும், பிள்ளைகள் 'கேசட்' என்று அழைத்த அட்டைகளும் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் விற்றன. ஒருவன் வாங்கிய கேசட்டைத் தெருவே மாற்றி மாற்றி ஆடியது. ஓடாவிட்டால் அதன் அடிப்பாகத்தில் வாயால் ஊதுவார்கள்; எப்படியோ ஓடும். அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றவும் என் நேர்மை இடந்தரவில்லை. அவற்றுட் பல திருட்டுப் படிகள். உழைத்து உருவாக்கியவனுக்கு நாம் ஒரு காசும் தந்ததில்லை. மேலட்டையில் '99,99,999 விளையாட்டுக்கள்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே ஒரு கை விரல்களில் அடங்குபவையே பெயர் மாறி மாறித் திரும்ப வரும். ஆக, ஏமாற்று அன்றும் இருந்தது. ஆயினும் கையில் வந்த பொருள் கையிலேயே இருந்தது.

இன்று நிலைமை வேறு. 2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 'தி க்ரூ' என்றொரு மோட்டார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நாட்டின் சுருங்கிய உருவம் ஒன்றில் கடற்கரை முதல் கடற்கரை வரை வண்டி ஓட்டிச் செல்லலாம். 2023 டிசம்பரில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச் 31-ஆம் நாள் நிறுவனத்தின் கணிப்பொறிகள் அணைக்கப்பட்டன. அன்றுமுதல், முழு விலை கொடுத்து வாங்கியவர்களும் அதைத் தனியே ஆடிப் பார்க்க இயலவில்லை. தட்டாக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்கள் கதியும் அதே. தட்டு கையில் இருக்கிறது. அது வட்டமான பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவே.

இஃது எவ்வாறு சட்டப்படி நிகழ முடிகிறது என்று கேட்கத் தோன்றும். வாங்கும்போது திரையில் நீண்ட ஒப்பந்தம் ஒன்று தோன்றுகிறது. நம்மில் எவரும் அதைப் படிப்பதில்லை. 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு நகர்கிறோம். அதனுள்ளே, இப்பொருள் உமக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே தரப்படுகிறது, அவ்வுரிமத்தை நாங்கள் முடித்துக்கொள்ளலாம் என்னும் கருத்து எழுதப்பட்டிருக்கிறது. பொத்தானின்மேல் எழுதியிருப்பதோ 'வாங்கு' என்னும் சொல். வாடகைக்கு விடுபவன் தன் வாயிலில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை மாட்டுவானாயின் மயிலாப்பூரில் அவனை விட்டுவைப்போமா? கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2025 தொடக்கம் முதல், உரிமம் மட்டுமே தருபவர்கள் அதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்கு' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது. அச்சட்டம் பொருளை நமக்கு மீட்டுத் தரவில்லை. பலகையில் உண்மையை எழுதச் சொல்கிறது. அதுவும் ஒரு தொடக்கமே.

விளையாட்டுத்தானே என்று அலட்சியம் செய்பவர்க்கு ஒன்று நினைவூட்டுவேன். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் மின்னூல் கருவியில் வாடிக்கையாளர்கள் வாங்கி வைத்திருந்த சில நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவர்க்கு அந்நூல்களை விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று, குடிமக்களை இடையறாது கண்காணிக்கும் அரசு ஒன்றைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்பதுதான் விந்தை. லஸ் முனை நடைபாதையில் பழைய நூல் வாங்கிப் படித்து வளர்ந்தவன் நான். யாரோ ஒருவர் பெயர் எழுதிய புத்தகத்தை அரை விலைக்கு வாங்கி, என் பெயரையும் எழுதி, பின் கால் விலைக்கு விற்றிருக்கிறேன். அந்த உரிமை எவ்வளவு பெரியதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. இணையத்தில் வாங்கிய விளையாட்டை நம் பையன் எவருக்கும் விற்க முடியாது, இரவல் தர முடியாது. நாளை அவன் கணக்கை நிறுவனம் முடக்கினால், அத்தனையும் ஒரே நொடியில் போயிற்று.

'தி க்ரூ' மூடப்பட்ட சில நாள்களில், ராஸ் ஸ்காட் என்னும் அமெரிக்கர் 'விளையாட்டுக்களைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்னும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில், குறைந்தது 10 இலட்சம் குடிமக்கள் கையொப்பமிட்டால் ஆட்சியாளர் அவ்விண்ணப்பத்தை ஆராய்ந்து விடை கூறியாக வேண்டும் என்றொரு முறை உண்டு. 2024 ஜூலை இறுதியில் கையொப்பம் திரட்டத் தொடங்கினர். நெடுங்காலம் அது ஆமை நடையாகவே சென்றது. கடைசிச் சில வாரங்களில் வெள்ளம்போல் பெருகி, 2025 ஜூலையில் 10 இலட்சத்தைக் கடந்தது. வாக்குரிமை பெற்றதும் பெறாததுமாக இருக்கும் இளைஞர் கூட்டம் இவ்வளவு ஒழுங்காக ஒரு விண்ணப்பம் எழுதும் என்று எத்தனை பெரியவர்கள் எண்ணியிருப்பர்? ஐரோப்பியக் குடிமக்கள் மட்டுமே ஒப்பமிடலாம் என்பதால் நம் மந்தைவெளிப் பையனுக்கு அதில் இடமில்லை. ஆனால் நாள்தோறும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். "கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலப் பார்த்தேன், அங்கிள்" என்றான்.

அவர்கள் கேட்பது என்ன? நிறுவனம் நெடுகிலும் கணிப்பொறிகளை இயக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. மூடும் நாளில், வாங்கியவன் தன் வீட்டில் ஏதேனும் ஒரு வகையில் ஆடிக்கொள்ள வழிசெய்துவிட்டு மூடுங்கள் என்பதே வேண்டுகோள். வீட்டைக் காலி செய்யும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்பது போல. இதற்கு ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் விடை கூறிற்று. பல விளையாட்டுக்கள் தொடக்கம் முதலே இணையத்தில் மட்டும் இயங்குமாறு கட்டப்பட்டவை. அவற்றைத் தனியார் கையில் ஒப்படைத்தால் பாதுகாப்புக் கெடும். செலவும் மிகும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரம் பேர் ஒரே களத்தில் மோதும் ஆட்டத்தை ஒருவன் வீட்டுக்குள் அடக்குவது அரிதே. ஆனால் தனியே கார் ஓட்டும் ஆட்டத்துக்கு அந்தச் சாக்கு எதற்கு? கண்டனம் எழுந்தபின், அதே யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' வரிசையில் பின்னர் வந்த விளையாட்டுக்களுக்கு இணையமின்றி ஆடும் வழியைத் தருவதாக 2024-இல் அறிவித்தது. முடியாதது என்பதன்று, முன்பே எண்ணிப் பார்க்கவில்லை என்பதே பொருள்.

நிற்க. இளைஞனின் குறை இத்தோடு முடியவில்லை. ஒருமுறை காது கொடுத்தவனை எளிதில் விடுவார்களா? தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

பொருளை முழுதாக விற்காமல் துண்டு துண்டாக விற்பது ஒன்று. 2006-இல் பெத்தெஸ்டா என்னும் நிறுவனம், 'ஆப்லிவியன்' என்ற தன் விளையாட்டில் வரும் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்குத் தனியே விற்றது. கவசத்தால் பெரும்பயன் ஒன்றுமில்லை, அழகுக்குத்தான். அன்று உலகமே நகைத்தது. நகைத்தவர்களும் வாங்கினார்கள் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்றனர் நம் முன்னோர். திரைக்குள் ஓடும் குதிரைக்குக் கவசம் வாங்கலாமா என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. இன்று சட்டைக்கு ஒரு விலை, தொப்பிக்கு ஒரு விலை, வெற்றி பெற்றபின் ஆடும் நடனத்துக்கு ஒரு விலை.

அரைகுறையாக விற்பது மற்றொன்று. தியாகராய நகரில் ஒரு கையை மட்டும் தைத்து, "மறு கை தீபாவளிக்குப் பிறகு தருகிறோம்" என்று சட்டையைக் கட்டிக் கொடுக்கும் கடை உண்டா? 2020 டிசம்பரில் போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'சைபர்பங்க் 2077', பழைய விளையாட்டுப் பெட்டிகளில் ஓடவே திணறியது. ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கி, கேட்டோர்க்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆறு திங்கள் கழித்தே அது மீண்டும் அக்கடையில் ஏறியது. பின்னாளில் திருத்தித் திருத்தி நன்றாக்கினார்கள் என்று நம் பையனே ஒப்புக்கொள்கிறான். முதல் நாளே வாங்கியவன் முழு விலை கொடுத்துச் சோதனைக்கூடத்து எலியானான்.

இவை இரண்டையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது மூன்றாவது. நம் இளமையில் பள்ளி வாயிற் பெட்டிக்கடையில் 'லக்கி பிரைஸ்' அட்டை தொங்கும். ஐந்து பைசாவுக்கு ஒரு சீட்டைக் கிழிக்கலாம். மேலே பெரிய பலூனும் பொம்மைக் கைக்கடிகாரமும் கண்ணைப் பறிக்கும். நமக்கு விழுவதோ புளிப்பு மிட்டாய். அதே அட்டைதான் இன்று விளையாட்டுக்குள் வந்திருக்கிறது. பணம் கொடுத்து ஒரு பெட்டியை வாங்க வேண்டும்; திறக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. பெட்டி திறக்கும்போது ஒளியும் மணியோசையும் எழும். 2017 நவம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' வெளிவரும் தறுவாயில், டார்த் வேடர் என்னும் புகழ்பெற்ற பாத்திரத்தைப் பெற ஏறத்தாழ 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஒருவர் கணக்கிட்டுச் சொன்னார். முழு விலை கொடுத்தவர்களிடம் மேலும் இத்தனை உழைப்பா, அல்லது பரிசுப் பெட்டிக்கு மேலும் பணமா என்று கொதித்தெழுந்தனர். வெளியீட்டுக்கு முந்திய நாள் நிறுவனம் அப்பெட்டிகளின் விற்பனையை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகளில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே தீர்ப்பளித்தது.

நம் மாநிலம் இவ்வகையில் அறியாமை உடையதன்று. 1968-இல் அரசே பரிசுச் சீட்டு நடத்திற்று. குடும்பங்கள் பட்ட பாட்டைக் கண்டு 2003 ஜனவரியில் எல்லாப் பரிசுச் சீட்டுக்களையும் தடை செய்தது. இணையச் சூதாட்டத்தால் உயிர்கள் பறிபோனபோது, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் 2022-இல் குழு அமைத்து, அதன் அறிக்கையை ஒட்டிச் சட்டம் இயற்றியது. அது 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இவை யாவும் போற்றத்தக்கவை. ஆயினும் இவற்றின் கண், பணம் வைத்துப் பணத்தையோ பணத்துக்கீடான ஒன்றையோ வெல்லும் ஆட்டத்தின் மீதே பதிந்துள்ளது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் தாயின் கைபேசியில் 199 ரூபாய் செலுத்தி, திரைக்குள் மட்டுமே வாழும் ஒரு சட்டைக்காகக் குலுக்கிப் பார்க்கும் பெட்டியை நாடாளுமன்றச் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. மூடிய பரிசுச் சீட்டுக்கடை கைபேசிக்குள் வேறு பெயரில் திறந்திருக்கிறதென்றால் மிகையாகாது.

குழந்தைகளின் விரலை வணிகர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்று போதும். 'ஃபோர்ட்நைட்' என்னும் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், 2022 டிசம்பரில் அந்நாட்டு வாணிப ஆணையத்தோடு 52 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. அதில் 24.5 கோடி டாலர் வாடிக்கையாளர்க்குத் திருப்பித் தர வேண்டிய தொகை. ஆணையம் சாட்டிய குற்றம் என்ன? உறங்கும் திரையை எழுப்புவதற்குத் தொட்டாலும் பொருள் வாங்கப்பட்டுவிடும்படி பொத்தான்கள் அமைந்திருந்தன. 2018 வரை பெற்றோரின் இசைவு கேளாமலேயே பிள்ளைகள் வாங்க முடிந்தது. தவறாகப் பிடித்த பணத்தை வங்கி அட்டை நிறுவனத்திடம் முறையிட்டுப் பெற்றவர்களின் கணக்கு முடக்கப்பட்டது. அதற்குமுன் அவர்கள் வாங்கியவையும் அத்தோடு பூட்டப்பட்டன. பெற்றோர்களே, "நீதானே தொட்டாய்!" என்று பிள்ளையின் காதைத் திருகுமுன் இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொடும்படி அமைத்தவர்களும் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் நாள், வாடிக்கையாளரை மயக்கும் இத்தகைய 13 உத்திகளைப் பெயரிட்டுத் தடுத்தது. "இன்னும் பத்து நிமிடமே" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேளாத பொருளைக் கூடையில் நுழைப்பது, சந்தாவில் சிக்கவைத்து வெளியேறும் வழியை மறைப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். விளையாட்டுக் கடைகள் இவ்விதிக்கு வெளியே நிற்கவில்லை. நுகர்வோர் உதவிக்கு 1915 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. அரிசியில் கல் கிடந்தால் முறையிடத் தெரிந்த நமக்கு, இதற்கும் முறையிடலாம் என்று தோன்றுவதில்லை. பிள்ளைகள் ஏதேனும் விளையாட்டை வாங்கக் கேட்கும்போது, அது இணையமின்றி ஓடுமா, உள்ளே மேலும் பணம் கேட்குமா, தட்டாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். விடை அவர்களுக்குத் தெரியும். நாம் கேட்பதில்தான் அவர்களுக்கு வியப்பு. கைபேசியில் பணம் செலுத்தும் வழிக்குத் தனிப் பூட்டு இடுவதும் அரை நாழிகை வேலையே.

இவ்வளவும் எழுதியதனால் நான் விளையாட்டுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று சிலர் வருந்தக்கூடும். நள்ளிரவு வரை திரையின்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு நானும் வக்காலத்து வாங்கவில்லை. 2025 செப்டம்பரில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கார்லோ அகுத்திஸ் என்னும் இத்தாலிய இளைஞர் வீடியோ விளையாட்டை விரும்பியவர்தாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டவர். நேரத்துக்கு வரம்பு கட்டுவது ஒரு பேச்சு. வாங்கிய பொருள் வாங்கியவனுக்கு உரியதா என்பது வேறு பேச்சு. முதலாவதைப் பேசி இரண்டாவதை வாயடைப்பதைத்தான் நான் அன்று மாலை செய்யவிருந்தேன்.

பையன் நிறுவனத்துக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினான். ஆங்கிலத்தைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டுவந்தான்; ஓரிடத்தில் கோபத்தைச் சற்றுக் குறைத்தேன், வேறொன்றும் திருத்த வேண்டியிருக்கவில்லை. மறுநாளே விடை வந்தது. அவன் ஆதரவுக்கு நன்றி கூறி, அதே நிறுவனத்தின் புதிய விளையாட்டுக்கு இருபது விழுக்காடு தள்ளுபடி தருவதாக எழுதியிருந்தது.

அவன் அதை வாங்கவில்லை. ரிச்சி தெருவில் பழைய தட்டு ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கி வந்திருக்கிறான். பத்து ஆண்டுக்கு முன் வெளிவந்த கால்பந்து விளையாட்டாம். அம்மையார் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையும் மூடிவிடுவார்களா?" என்று கேட்டாராம். இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு அதை ஓட்டிக் காட்டியிருக்கிறான்.